ஏலக்காய் பொறுக்குகிறவருக்கு எதற்குப் பென்சன்?

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும், நாளை வருவாய் ஆய்வாளர் ஆகப் போகிறவர்களுக்கும் நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சிட்டா, அடங்கல், பட்டா மாறுதல் பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்து உங்கள் உயிரை எடுத்திருப்பார்கள். நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்கிறேன். அதை எனக்குச் சுட்டிக்காட்டியவர்களுக்கு நன்றி சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது.

உங்களுக்கு வரப்போகும் புகார்களில் ஒரு வகை இருக்கிறது. "இன்னார் மாற்றுத்திறனாளி பென்சன் வாங்குகிறார், ஆனால் நன்றாகத்தான் இருக்கிறார்" என்று எழுதியிருக்கும். அடியில் கையெழுத்து இருக்காது, இருந்தால் "பொதுமக்கள்" என்று இருக்கும். ஆக்கிரமிப்பைப் பற்றி எழுதினால் ஒரு வருடம் அசையாத நம் அலுவலகம், இந்தக் கடிதத்தைக் கண்டால் மட்டும் அன்றைக்கே எழுந்து நிற்கும். அரசாங்கப் பணத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நமக்கொரு பெருமை. நானும் அந்தப் பெருமையோடு நடந்தவள்தான்.

அதற்கு ஒரு வித்தையும் என் கையில் இருந்தது. என் முதல் அதிகாரி கற்றுக் கொடுத்தது. அவர் நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். மழையில் நனைந்து வந்த ஒரு முதியவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே விசாரித்தவர். அவர் சொல்வார்: கண் தெரியாதவர் மனு வந்தால், கையெழுத்து வாங்கும் நேரத்தில் ஒன்றும் பேசாமல் பேனாவை மட்டும் நீட்டு. கை தடவிக்கொண்டு வந்தால் நிஜம். நேராக வந்து வாங்கினால் பொய். காது கேளாதவர் என்றால் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் கீழே போடு. நடக்க முடியாதவர் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போ. எந்த அரசாணையிலும் இல்லாத இந்தச் சோதனைகள் எங்கள் பிர்க்காவின் கிராமங்களில் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு வந்துகொண்டே இருந்தன. எனக்கும் வந்தன.

நான் ஆய்வாளராக இருந்தபோது சின்னமனூருக்கும் போடிக்கும் நடுவே ஒரு கிராமத்திலிருந்து அப்படியொரு கடிதம் வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஈஸ்வரி என்ற பெண்ணைப் பற்றியது. நாற்பதை நெருங்குகிறவர், கணவர் இல்லை, தாயோடு இருக்கிறார், பார்வைக் குறைபாட்டுக்காகப் பல வருடமாகப் பென்சன் வாங்குகிறார். கடிதம் இப்படிப் போனது: இவர் செல்போன் பார்க்கிறார். போடியில் ஏலக்காய் கடைக்குப் போய் ஏலக்காய் பொறுக்குகிறார். வெள்ளைக் குச்சியை வேண்டும்போது எடுக்கிறார், வேண்டாதபோது மடக்கிப் பைக்குள் வைக்கிறார். ஏலக்காய் பொறுக்குகிறவருக்கு எதற்குப் பென்சன்?

கடைசிக் கேள்வி எனக்குப் பிடித்துப்போய்விட்டது. போடி ஏலக்காய் கடைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய்களை நிறம் பார்த்து, அளவு பார்த்து, வெடித்ததைத் தனியாக எடுத்துப் போடுவார்கள். கண்ணாடி போட்ட எனக்கே அந்த வேலை ஓடாது. கண் தெரியாதவர் எப்படிச் செய்வார் என்று நான் கேட்கவில்லை. செய்கிறார் என்றால் கண் தெரிகிறது என்று முடிவு கட்டினேன். வண்டியை எடுக்கும் முன்பே என் அறிக்கையில் பாதி மனதுக்குள் எழுதி முடிந்துவிட்டது.

முதலில் ஊர் முகப்பில் இருந்த டீக்கடையில் விசாரித்தேன். அதுதான் நம் வழக்கம். கடைக்காரர் ஒளிவுமறைவு இல்லாத ஆள். ஈஸ்வரி தன் கடை வாசல் வழியாகத்தான் தினமும் பஸ்ஸுக்குப் போகிறார் என்றும், பஸ்ஸில் எழுதியிருப்பதைத் தானே படித்துவிடுகிறார் என்றும், சில நாள், பழகிய முகத்தையே பார்க்காதது போலப் போய்விடுவார் என்றும் சொன்னார். டீ குடித்துக்கொண்டிருந்த இருவரும் ஆமோதித்தார்கள். மூவரிடமும் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கடைக்காரர் டீக்குக் காசு வாங்க மறுத்தார், நான் வற்புறுத்திக் கொடுத்தேன். நேர்மையான அதிகாரி, பாருங்கள்.

பிறகு ஈஸ்வரி வீட்டுக்குப் போனேன். பதினோரு மணி வெயில். வாசலில் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குள் ஒரு குதிப்பு. விசாரணைக்கு வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் தாளை அவர் மடியில் வைத்தேன், பேச்சை நிறுத்தினேன், பேனாவை நீட்டினேன்.

அவர் கை நேராக வந்து வாங்கிக்கொண்டது. கோட்டின் மேலேயே அழகாகக் கையெழுத்தும் போட்டார்.

திரும்பும்போது என்னை வழியனுப்ப எழுந்து வந்தார். வாசலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரில் போய் நன்றாக இடித்துக்கொண்டார். முழங்கையில் வண்டிக் கண்ணாடி பட்டது. "வண்டி இங்கனயா நிக்குது" என்று சிரித்தார். இப்போதுதான் இவருக்கு நடிக்க வேண்டும் என்று ஞாபகம் வந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே அறிக்கை தயார். பேனா வாங்கியதை எழுதினேன், கல் பொறுக்கியதை எழுதினேன், கடைக்காரர் சொன்னதை எழுதினேன். வண்டியில் இடித்ததை எழுதவில்லை. பென்சன் நின்றது. அலுவலகத்தில் இரண்டு பேர் என்னைப் பாராட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, மனு நாள் கூட்டத்தில் ஈஸ்வரி வந்தார். கையில் குச்சி இல்லை. நெற்றியில் பிளாஸ்திரி. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் என்னைத் தயார் செய்துகொண்டேன். அவரோ வரிசையில் நின்று, முறை வந்ததும், தான் செய்த தப்பு என்ன என்று தெரிந்துகொள்ள வந்ததாகச் சொன்னார். பேனாவை வாங்கினீர்களே என்றேன். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அவர் சொன்ன பதிலை இன்று வரைக்கும் நான் மறக்கவில்லை.

"பேனா தெரிஞ்சுச்சும்மா. அதப் புடிச்சிருந்தவுக மொகம்தான் தெரியல. மொகத்தப் பாத்தா பேனா தெரியாது, பேனாவப் பாத்தா மொகம் தெரியாது. எனக்கு அம்புட்டுத்தான்."

எனக்குப் புரியவில்லை. புரியாததை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. மருத்துவச் சான்றைப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன். அவர் நகரவில்லை. ஊரில் எல்லாரும் இப்போது தன்னைப் போலி என்கிறார்கள் என்றார். குச்சியை எடுத்தால் நடிக்கிறாள் என்று காதுபடப் பேசுகிறார்களாம், அதனால் வீட்டிலேயே வைத்துவிட்டாராம். குச்சி இல்லாமல் நடந்து கழிவுநீர்க் கால்வாய் ஓரத்தில் விழுந்ததுதான் நெற்றிக் காயம். ஏலக்காய் கடையிலும், வம்பு எதற்கு, கேஸ் முடியட்டும், பிறகு வா என்று சொல்லிவிட்டார்கள். பென்சன் போனது, கூலி போனது, கையில் இருந்த குச்சியும் போனது. அவ்வளவையும் ஒரே தாளில் செய்திருந்தேன் நான்.

அடுத்த வாரம் அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிகளுக்கான முகாம். நம் ஆட்களும் ஒரு மேசை போட்டு உட்கார வேண்டும் அல்லவா, நானும் போயிருந்தேன். ஈஸ்வரி வந்து கண் பரிசோதனைக்காக பெஞ்சில் காத்திருந்தார். கண் பரிசோதிக்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நான் வலியப் போய், இவர் விஷயத்தில் கவனமாக இருங்கள், நானே நேரில் சோதித்தேன், பேனாவை நேராக வாங்கினார் என்று சொன்னேன்.

அந்தப் பெண் என்னோடு வாதம் செய்யவில்லை. மேசையில் கிடந்த பழைய படிவங்கள் இரண்டை எடுத்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒடுக்கமாகச் சுருட்டினார். இரண்டு கண்ணிலும் ஒவ்வொன்றாக வைத்துக்கொள்ளச் சொன்னார். சுவரில் இருந்த அறிவிப்பைப் படிக்கச் சொன்னார், படித்தேன். ஒரு பேனாவை நீட்டினார், கொஞ்சம் தேடி, பிறகு நேராக வாங்கினேன். இப்போது கதவு வரைக்கும் போய்விட்டு வாருங்கள் மேடம் என்றார்.

கதவு நன்றாகத் தெரிந்தது. கதவு மட்டும்தான் தெரிந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் பெஞ்சின் மூலையில் இடித்தேன். விலகப் போய் யாரோ கீழே வைத்திருந்த தூக்குச் சட்டியை எத்திவிட்டேன். மூடி கழன்று உருண்டு, தயிர்சாதம் தரையெல்லாம் சிந்தியது. காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு வயதான அம்மா, கண்ணு தெரியலையா என்று கோபமாகக் கேட்டார், அவருடைய சோறுதான் அது.

என்ன நடந்தது என்று ஈஸ்வரிக்குத் தெரியவில்லை. சத்தம் வந்த திசையில் தலையைத் திருப்பி, "பைய, பையப் போங்கம்மா, அவசரப்படாதீக" என்றார். இடித்துக்கொண்டது யார் என்று தெரியாமலேயே சொன்னார்.

அந்த மருத்துவமனைப் பெண் பிறகு விளக்கினார். கண்ணுக்குள்ளே இருக்கிற திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டே வருகிற நோய் இது. நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிஞ்சும். அந்த வட்டத்துக்குள் வருவது தெளிவாகத் தெரியும், அதனால் படிக்கலாம், செல்போன் பார்க்கலாம். வட்டத்துக்கு வெளியே ஒன்றும் இல்லை. வெளிச்சம் மங்கினால் வட்டமும் உதவாது. குச்சியை ஒரு நேரம் எடுப்பதும் ஒரு நேரம் மடக்கி வைப்பதும் அதனால்தான்.

ஏலக்காயைப் பற்றி ஈஸ்வரியிடமே கேட்டேன். அன்றுதான் முதல்முறையாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன் என்பதைக் கவனியுங்கள். தட்டில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு காய்களை அந்த இடத்துக்கு உருட்டிவிட்டு உருட்டிவிட்டுப் பொறுக்குவாராம். மற்றவர்கள் மூன்று தட்டு முடிக்கும்போது இவருக்கு ஒன்றுதான் முடியும். கூலியும் அதற்குத் தக்கபடிதான். திரும்பி வந்து விதிகளையும் எடுத்துப் படித்தேன். வேலை செய்கிறார் என்பதற்காக மட்டும் பென்சனை நிறுத்து என்று அதில் எங்கேயும் இல்லை. வருமான வரம்பு என்று ஒன்று இருக்கிறது, சீசனில் கிடைக்கும் அந்தக் கூலி வரம்புக்கு வெகு தூரம் கீழே. இத்தனை வருடம் அந்த விதிகளைப் பாதுகாத்துக்கொண்டிருந்தேன், படிக்கத்தான் இல்லை.

இப்போது நான் சொல்லப்போவதுதான் உங்களுக்கு ஒரு நாள் வரப்போகிற சோதனை.

சான்று வந்துவிட்டது, பென்சனைத் திரும்பக் கொடுக்க வேண்டும். எங்கள் பிரிவில் இருந்த எழுத்தர் என் மேல் அக்கறையுள்ளவர். அவர் ஒரு வழி சொன்னார். "மறு விசாரணையில் பார்வை மேலும் குறைந்துள்ளதாக அறியப்படுகிறது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள் மேடம், அந்தம்மாவுக்கும் பென்சன் வந்துவிடும், உங்களுக்கும் ஒன்றும் இல்லை என்றார். பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்த நேரம் அது. யாருக்கும் நஷ்டமில்லாத வரி போலத்தான் இருந்தது. அந்த வரியை நான் எழுதவும் செய்தேன். மறைப்பானேன்.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். இப்போது பார்வை குறைந்துவிட்டது என்றால், அன்றைக்கு நன்றாக இருந்தது என்று அர்த்தம். அன்றைக்கு அவர் ஏமாற்றினார் என்று இரண்டாம் முறையும் நானே கையெழுத்துப் போடுகிறேன். நெற்றியில் பிளாஸ்திரியோடு வரிசையில் நின்ற பெண்ணுக்கு நான் செய்யும் கைம்மாறு இதுதானா என்று இருந்தது. தாளைக் கிழித்தேன். வேறு தாள் எடுத்து, முதல் அறிக்கை தவறு என்றும், மனுதாரர் பக்கவாட்டில் இருந்த வண்டியில் இடித்துக்கொண்டதை நான் பார்த்தும் பதிவு செய்யவில்லை என்றும், பென்சனை நிறுத்திய நாளிலிருந்தே திரும்ப வழங்க வேண்டும் என்றும் எழுதினேன். பெரிய தைரியசாலி என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

வட்டாட்சியர் அதைப் படித்துவிட்டு என்னை நிற்க வைத்தே பேசினார். அறிவிருக்கிறதா என்பதை மரியாதையான வார்த்தைகளில் கேட்டார். எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார், கொடுத்தேன். அந்த ஆண்டுப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. ஆனால் ஈஸ்வரியின் கோப்பில் அவர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். மறுநாள் போகும் வழியில் நின்று, மற்ற பார்வைக் குறைபாட்டுக் கோப்புகளில் யார் யாருக்குப் பேனா நீட்டினீர்கள் என்று மட்டும் கேட்டார். அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். அந்தப் பழைய கோப்புகளை எல்லாம் மறுபடியும் எடுத்துச் சரிபார்க்கும்படி ஆனது அந்தக் கேள்வியால்தான்.

உத்தரவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈஸ்வரி அதை முகத்துக்கு நேரே பிடித்து, வரி வரியாக நகர்த்தி முழுதும் படித்தார். சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன். தாளை மடித்துவிட்டுச் சொன்னார்:

"பணம் வந்துரும்மா. பேரு வரலையே. என்னையப் பத்தி நீங்க எங்கன வச்சுக் கேட்டீக? டீக்கடையில தான? அங்கனயே வந்து சொல்லுங்க."

நம் வேலையில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. விசாரிக்க ஊருக்குள் போவோம், திருத்தம் எல்லாம் கோப்புக்குள்ளேயே நடக்கும். சந்தேகம் ஊர் முழுக்கத் தெரியும், உண்மை அலமாரியில் இருக்கும். இது விதியில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பேனா நீட்டுவதும் விதியில் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் அதை விட்டுவிட்டு எழுந்தேன். அவர் உள்ளே போய்க் குச்சியை எடுத்து விரித்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் நடந்தே போனோம்.

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இவர் யாரையும் ஏமாற்றவில்லை, இவருக்கு நேரே இருப்பது மட்டும்தான் தெரியும், நான்தான் தப்பாக எழுதினேன் என்று ஒரு வழியாகச் சொன்னேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. "ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவுகளுக்கும் கேக்கட்டும்மா" என்றார் ஈஸ்வரி. மறுபடியும் சொன்னேன், இந்த முறை சத்தமாக.

கடைக்காரருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. அப்படியானால் நாங்கள் பொய் சொன்னோமா என்று கேட்டார். இல்லை, நீங்கள் பார்த்ததைச் சொன்னீர்கள், நான்தான் பார்த்ததில் பாதியை எழுதாமல் விட்டேன் என்றேன். அவர் சமாதானமாகவில்லை. என்னை விட்டுவிட்டு ஈஸ்வரியிடம் திரும்பினார். கடைக்கு முன்னால் நடைபாதையில் பாதி வரைக்கும் நீண்டு கிடந்த மர பெஞ்சைக் காட்டி, இது தெரிகிறதா இல்லையா என்று சோதிக்கிற குரலில் கேட்டார்.

"எதுண்ணே? பெஞ்சா? போகயில வரயில முழங்கால்ல இடிச்சுக்கிட்டுத்தான போறேன், இத்தன வருசமா."

"ஒரு நாளும் சொல்லலையே நீயி."

"சொன்னா நடிக்கிறேம்பீக."

கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பினார். மறு முனையைப் பிடிக்கச் சொல்லி ஒருவரிடம் சைகை காட்டி, இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரமாகப் போட்டார்கள். பிறகு அவர் ஈஸ்வரியின் முன்னால் வந்து, வட்டத்துக்குள் வருகிற மாதிரி நேராக நின்றுகொண்டு, "இப்பப் போயிப் பாரு ஆத்தா" என்றார்.